ஹவாய் நோட்டும் என் வயிற்றெரிச்சலும்

லேமினேஷன் மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சூடேறிப் பச்சை விளக்கு வர இன்னும் மூன்று நான்கு நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்குள் நான் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த அத்தியாயத்தை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா நின்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குக் கூட்டாளி. மார்கழிக்கு முந்தைய மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் செருப்பில் ஆளுக்கு அரைக்கிலோ கரிசல் மண்ணை அப்பிக்கொண்டு வந்து என் வாசலில் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

"ஏட்டி பாக்கியம், இத நல்லா வெறப்பா லேமினேட் பண்ணிக் குடு. ஒரு ஆளுக்குக் குடுக்கணும்" என்று, வாழ்த்து அட்டையின் உறைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அமெரிக்க ஒரு டாலர் நோட்டு. ஆனால் சாதாரண டாலர் இல்லை.

நல்ல மனசுக்காரி

இத்தனை வாரமாக என் ஜெராக்ஸ் கடைக்கு வந்துபோனவர்களைப் பற்றித்தான் எழுதிவந்தேன். சென்ற வாரம் எழுதிய பட்டா நகல் கதையைப் படித்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு" என்று நிறையப் பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒரு வாசகி என் படத்தைக் கேட்டிருக்கிறார், பூஜை அறையில் வைக்காத குறையாக.

அந்தக் கடிதங்களைப் படிக்கப் படிக்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. அதனால்தான் இந்த வாரம் இந்தக் கதை. படித்துவிட்டுப் படம் வேண்டுமா என்று அந்த அம்மா மறுபடி யோசித்துக்கொள்ளட்டும்.

கோவில்பட்டியில் தாலுகா ஆபீஸ் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். இந்த ஊரில் ஒரு பொருள் முக்கியமானது என்றால் அதை லேமினேட் செய்துவிட வேண்டும். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, செத்துப்போன தாத்தாவின் ஒரே படம், எல்லாம் என் மிஷினுக்குள் போய் மறுபக்கம் கண்ணாடியாக வந்திருக்கின்றன. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வரும் பெண்கள், குச்சி அடுக்கிய விரலில் மருந்து வாசத்தோடு, பிள்ளையின் முதல் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஒருவர் குலசாமி கோவில் திருநீற்றுப் பொட்டலத்தையே கொண்டுவந்தார். மிஷின் சிக்கிக்கொள்ளும் என்று கும்பிட்டு அனுப்பினேன்.

மழையில் நனையாது, கரையான் அரிக்காது, கை பட்டுக் கிழியாது. இதற்குமேல் ஒரு காகிதத்துக்கு வேறென்ன வேண்டும் என்பதுதான் எங்கள் ஊர் நினைப்பு. எனக்கும் அந்த நினைப்புதான் இருந்தது.

கப்பல்காரர் விட்டுப்போனது

கடை ஆரம்பித்த புதிதில், கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் ஏதோ புத்தகத்தை நகலெடுக்க வந்தார். போன பிறகு மிஷினின் மூடியைத் தூக்கினால் கண்ணாடிமேல் ஒரு நோட்டு கிடந்தது. இரண்டு டாலர். அப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு வாரம் கழித்து அவர் வந்தபோது எடுத்து நீட்டினேன்.

"ராசிக்கு பர்சுல வச்சிருந்தேன்க்கா. அது போன பெறகுதான் எனக்கு நல்ல கப்பல் கெடச்சிருக்கு. நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவர்களுடைய மூன்றாவது ஜனாதிபதியின் முகம். கன்னம், தாடை, கழுத்துத் துணி எல்லாமே தனித்தனிக் கோடு. ஒரு கோடுகூட இன்னொன்றை இடிக்கவில்லை. விரலால் தடவினால் மை மேலே எழும்பி நின்றது, கோலம் காய்ந்த தரையைத் தடவுவதுபோல. வலது பக்கம் சிவப்பு முத்திரை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பிலும் நீலத்திலும் பொடிப்பொடி நூல்கள் தாளுக்குள்ளேயே ஊறிக் கிடந்தன.

பிறகு தெரிந்துகொண்டேன், அந்தத் தாளில் மரக்கூழ் கிடையாது. முக்கால் பங்கு பருத்தி, கால் பங்கு லினன் நார். எப்போதும்வென்றான் கிராமத்தில் என் அப்பா காலம் முழுக்கப் பருத்தி போட்டவர். பருத்தியை வைத்துக் கடன்தான் அடைக்க முடியும் என்று அவர் நினைத்திருந்தார். பணத்தையே செய்யலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்.

அன்று மாலையே அந்த நோட்டை லேமினேட் செய்து, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வருடம் கழித்து, மதுரையில் பழைய நாணயக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். அங்கே கடை விரித்திருந்த ஒரு வியாபாரி கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இதை இப்படிப் பண்ணது?"

"நான்தான்."

"நல்ல நோட்டும்மா. மடிப்புகூட இல்லாம இருந்திருக்கு. இப்ப இது நோட்டு இல்ல, நோட்டோட படம்."

சூட்டில் உருகிய பசை தாளின் நாருக்குள்ளேயே இறங்கிவிடுமாம். பிரிக்க முடியாது. பிரித்தால் மையும் தோலோடு சேர்ந்து வந்துவிடும். சேகரிக்கிறவர்கள் நோட்டைத் துவைத்தாலே, இஸ்திரி போட்டாலே பாதி விலை போய்விடும் என்பார்கள். லேமினேட் செய்தால் மீதியும் போய்விடும். இதை அவர் சாவு வீட்டில் பேசுகிற குரலில் எனக்குச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பி வந்து அந்த இரண்டு டாலரைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். செத்தது எனக்குத் தெரியும், ஊருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? யாரிடமும் சொல்லவில்லை, ஸ்டெல்லாவிடமும்கூட.

அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான் இது. அதன்பிறகு மதுரை, சென்னை வியாபாரிகளிடம் பழைய டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கினேன். நீல முத்திரை போட்ட ஒரு டாலரை வாங்க இரண்டு தீபாவளிக்கு எனக்குப் புதுச் சேலை எடுக்கவில்லை. அந்த நீல முத்திரை நோட்டு ஒரு காலத்தில் வெள்ளிக்கு ரசீது. கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு டாலருக்கான வெள்ளியைக் கையில் தருவார்களாம். இப்போது புழக்கத்தில் இருப்பது பச்சை முத்திரை. முத்திரையின் நிறத்தைப் பார்த்தே அந்த நோட்டின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன். சொல்லிக் கேட்கத்தான் கோவில்பட்டியில் ஆள் இல்லை. ஸ்டெல்லா ஒருத்திதான் கொட்டாவி விட்டுக்கொண்டாவது கேட்பாள்.

நாய் பெற்ற தெங்கம்பழம்

ஸ்டெல்லாவின் அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். போய் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் தங்கைக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதற்குள் பிரியமாக ஒரு டாலர் நோட்டு இருக்கும்.

நான் இரண்டு தீபாவளிச் சேலையை விட்டுக்கொடுத்து வாங்குவது, அவளுக்குத் தபால்காரர் கொண்டுவந்து வீட்டில் கொடுப்பார். அதை அவள் என்ன செய்வாள் தெரியுமா? ஒன்றை வேதாகமத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தாள். ஒன்றைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று யாரோ கேட்க, கொடுத்துவிட்டாள், திரும்பி வரவில்லை. ஒன்றில் பால் கணக்கு எழுதியிருந்தாள்! பேனாவால்! அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாய் பெற்ற தெங்கம்பழம் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள். உருட்டத்தான் தெரியும், உடைக்கத் தெரியாது.

எனக்குப் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் விரும்பவில்லை. அவள் வீட்டு வாசலில் தபால்காரரின் சைக்கிள் நின்றாலே எனக்கு இங்கே வயிறு காந்தும்.

ஒரு வருடம் பேச்சுவாக்கில் சொன்னாள், "இந்தத் தடவ வந்த நோட்டு பழசுட்டி. முத்திர நீலமா இருந்துச்சு. காணிக்கைப் பையில போட்டுட்டேன்."

நான் மறுநாள் காலையிலேயே அவர்கள் வேதக்கோவிலில் போய் நின்றேன். கணக்குப் பார்க்கிற பெரியவரிடம், "அந்த டாலருக்கு எவ்வளவு வேணும்னாலும் தாரேன் ஐயா" என்றேன். அவர் சிரித்தார். விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு அதை எடுத்து வைத்து, பண்டிகையும் முடிந்து, ஏலமும் போய்விட்டதாம். பூசணிக்காய்க்கும் நாட்டுக்கோழிக்கும் நடுவில் என் நீல முத்திரை ஏலம் போயிருக்கிறது. எடுத்தவர் கடம்பூரில் கடை வைத்திருப்பவர், வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் கை தூக்கிவிட்டாராம்.

விடுவேனா? கடம்பூருக்குப் பஸ் ஏறினேன். கடையைக் கண்டுபிடித்து, போளி வாங்குகிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தேன். கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் நோட்டு இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் அவர்களுடைய முதல் ஜனாதிபதி, நெற்றியில் அச்சாகக் குங்குமப் பொட்டோடு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்த டாலர விலைக்குத் தருவீங்களா?"

"அது வந்த பெறகுதாம்மா யாவாரம் ஏறியிருக்கு. லச்சுமியக் குடுக்கச் சொல்லுதீங்களே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

போளியைப் பஸ்ஸில் தின்றுகொண்டே வந்தேன். நல்ல போளிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வழியெல்லாம் ஸ்டெல்லாவைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். வாங்க வக்கில்லாதவள் நான், வைத்துக்கொள்ளத் தெரியாதவள் அவள். கடவுள் ஏன் அவளுக்கு அண்ணனைக் கொடுத்தார், எனக்கு லென்ஸைக் கொடுத்தார்?

பச்சை விளக்கு

இப்போது மறுபடி கடைக்கு வருவோம். மேஜைமேல் இருந்த நோட்டுக்கு.

முத்திரை பச்சை இல்லை, நீலமும் இல்லை. பழுப்பு. எண்களும் பழுப்பு. முகப்பின் இரண்டு ஓரத்திலும் சின்ன எழுத்தில், நெட்டுக்குத்தாக ஆங்கிலத்தில் ஹவாய் என்று கறுப்பில் அச்சடித்திருந்தது. திருப்பினேன். பின்பக்கம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, உள்ளே வெற்றாக விட்ட பெரிய எழுத்தில் மறுபடியும் ஹவாய். பழைய நோட்டுகளுக்கான விலை கேட்லாக்கில் மட்டும்தான் நான் அதைப் பார்த்திருந்தேன்.

அந்த நோட்டின் கதை இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஹவாய்த் தீவில் குண்டு போட்டான். அடுத்துத் தீவையே பிடித்துவிட்டால், அங்கே இருக்கிற டாலரெல்லாம் அவன் கைக்குப் போய்விடுமே என்று அமெரிக்காவுக்குப் பயம். அதனால் தீவில் இருந்த பழைய நோட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஹவாய் என்று அடித்த நோட்டைக் கொடுத்தார்கள். தீவு போனால் இந்த நோட்டை மட்டும் செல்லாது என்று சொல்லிவிடலாம். வாங்கிய பழைய நோட்டைச் சுடுகாட்டு உலையில் எரித்து, அது போதாமல் கரும்பாலை உலையிலும் போட்டு எரித்தார்களாம். தீவு போகவில்லை. நோட்டு நினைவுப் பொருளாகிவிட்டது.

அது மட்டுமென்றால்கூடப் பொறுத்திருப்பேன். எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் இருந்தது. அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக அடிக்கிற நோட்டுக்குத்தான் நட்சத்திரம் போடுவார்கள். நம் ரூபாயிலும் அப்படி உண்டு. ஹவாய் நோட்டே அபூர்வம், அதில் நட்சத்திரம் என்றால் கேட்லாக்கில் விலை போட்டிருக்கும் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நோட்டு, ஒரு மடிப்பு இல்லாமல், மூலை மழுங்காமல், ரப்பர் ஸ்டாம்பு மைக்கும் பசை டப்பாவுக்கும் நடுவில் என் மேஜையில் கிடக்கிறது.

"என்னட்டி இப்படிப் பாக்குத? ஹவாய்னு போட்டிருக்கு, செருப்புக் கம்பெனி விளம்பரமா?" என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குள் ஏதோ கெட்டுப்போயிற்று.

"யாருக்குக் குடுக்கப் போற?" என்றேன்.

"அது ஒரு ஆளுக்கு. கிறிஸ்மசுக்கு. உனக்கு எதுக்கு அது?"

எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர்கள் சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகரின் மனைவிக்குத்தான். மூன்று மாதமாக ஸ்டெல்லாவின் வாயில் 'போதகரம்மா, போதகரம்மா' தான். போதகரம்மா பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், போதகரம்மா கேக்கில் ஆரஞ்சுத் தோல் போடுகிறார். நாற்பது வருடம் கொட்டாவி விட்டுக்கொண்டு என் பேச்சைக் கேட்டவள், இந்த நோட்டைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுக்கப் போகிறாள். எனக்கு இல்லை. எனக்குக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

ஒரு வார்த்தை போதும். "வேண்டாம்ட்டி, கெட்டுப்போகும்" என்றால் அவள் அப்படியே எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டிருப்பாள். காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

நான் பிளாஸ்டிக் உறையை எடுத்தேன். உள்ளே தூசி இல்லாமல் ஊதினேன். நோட்டை நடுவில், நான்கு பக்கமும் சமமாக இருக்கும்படி வைத்தேன். ரொம்ப ஜாக்கிரதையாக வைத்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். உருளைக்குள் விட்டேன். சூடான பிளாஸ்டிக் வாசம் வந்தது. மெதுவாக, அங்குலம் அங்குலமாக உள்ளே போய் மறுபக்கம் பளபளவென்று வந்தது. எனக்குக் கிடைக்காதது எவளுக்கும் கிடைக்கக்கூடாது. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

"எம்புட்டு அழகா இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. காசு நீட்டினாள். நான் வாங்கவில்லை.

அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன், ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை. நாலைந்து நாள் மனதில் பாரமே இல்லை. போதகரம்மா வீட்டுச் சுவரில் நோட்டின் படம் தொங்குவதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கேக் தட்டு

கிறிஸ்மஸ் அன்று காலை கோவிலில் ஆராதனை முடிந்ததும் ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தாள். வருடாவருடம் வருவாள். புதுச் சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் கேக்கும் முறுக்கும் அதிரசமும் வைத்த தட்டு. தட்டை வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஜரிகைத்தாள் சுற்றிய ஒன்றை எடுத்தாள்.

"இந்தா, பிரி."

பிரித்தேன். மரச் சட்டம் போட்டிருந்தாள். பழுப்பு முத்திரை, நட்சத்திரம்.

"இது... போதகரம்மாவுக்கு இல்லயா?"

"அவியளுக்கு எதுக்கு இது? உனக்குத்தான் மூதி. போன கிறிஸ்மசுக்கே எங்க அண்ணன்ட்ட சொல்லிட்டேன். 'இனி எனக்கு ஒண்ணும் அனுப்பாண்டாம், எங்கூட்டாளி ஒருத்தி பழைய டாலர்னா உசுர விடுதா, அவளுக்கு நல்லதா ஒண்ணு பாரு'ன்னேன். ஒரு வருசமாத் தேடியிருக்கான். அவன் பக்கத்து வீட்டுல ஒரு அம்மா இருக்காவ, தொண்ணூறு தாண்டுனவிய. அவிய வீட்டுக்காரர் அந்தக் காலத்துச் சண்டைக்குப் போனவராம். அவர் பெட்டியில கெடந்தத எடுத்து, 'மதிக்கத் தெரிஞ்ச ஆளுக்குக் குடு'ன்னு குடுத்தாவளாம்."

நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்புறம் ஏன்ட்டி என்கிட்டயே லேமினேட் பண்ணக் கொண்டுவந்த?"

"நீதான் அந்த ரெண்டு டாலர அப்படிப் போட்டு மாட்டி வச்சிருக்கல்லா. நோட்டு சேக்குத ஆட்கள் அப்படித்தான் வைப்பீங்க போலன்னு நெனச்சேன். இந்த ஊர்ல உன்ன மாதிரி ஒரு கொமிழி இல்லாம பண்ண வேற யாரு இருக்கா? உன் கையால பண்ணுனா உனக்கே புடிக்கும்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"கிறுக்கி, சந்தோசத்துல அழுதா பாரு" என்று ஸ்டெல்லாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டு வா"

அந்தச் சட்டத்தை பீரோவில், சேலைக்கு அடியில் வைத்தேன். கடைக்கு வரும்போதெல்லாம் ஸ்டெல்லா கேட்பாள், "எங்கட்டி, மாட்டலியா?" ஆணி அடிக்க ஆள் வரவேண்டும் என்பேன். சுவர் உதிருகிறது என்பேன். பங்குனி வந்தது. பங்குனி போய்ச் சித்திரையும் வந்தது. ஒரு ஆணிக்கு எத்தனை பொய்தான் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெரு. அவள் வற்றல் எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மதுரை வியாபாரி சொன்னதிலிருந்து போதகரம்மா வரை. அவள் கை வற்றலிலேயே இருந்தது.

"தெரிஞ்சேதான் உள்ள விட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"நான் அங்கன நிக்கும்போதேயா?"

"ஆமா."

அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வெல போனதுக்கு ஒண்ணுமில்லட்டி. அந்த அம்மா, புருசன் நெனப்புக்கு வச்சிருந்தத எடுத்துக் குடுத்திருக்காவ. எங்க அண்ணன் வருசம் முழுக்கத் தேடியிருக்கான். நீ எனக்கு ஒரு வார்த்த சொல்லாம அத தீயில போட்டிருக்க." வற்றல் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "போயி எடுத்துட்டு வா" என்றாள்.

"எத?"

"அந்த நோட்டத்தான். உனக்குத்தான அது செத்துப்போச்சு. எனக்குச் சாகல."

வெயிலில் வீட்டுக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். உட்கார் என்று சொல்லவில்லை.

ஆடியில் பேசவில்லை, ஐப்பசியிலும் பேசவில்லை. நகலெடுக்க வேண்டியதை வேறு கடையில் எடுத்தாள். கடைக்கு எதிரே ரோட்டில் போகிறபோது தலையைத் திருப்பமாட்டாள். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன கிறிஸ்மசுக்கு முந்தின நாள் ஃபோன் வந்தது. "நாளைக்கு மத்தியானம் சாப்பிட வா. வராம இருந்திராத." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

போனேன். வீடு நிறைய ஆட்கள். போதகரம்மாவும் இருந்தார், நல்ல மனுஷிதான். கூடத்து ஷோகேஸில் நடுத்தட்டு முழுவதையும் காலி செய்து, அந்தச் சட்டத்தை மட்டும் நிறுத்தியிருந்தாள். ஒரு சின்ன விளக்குகூடப் போட்டிருந்தாள்.

பார்க்கிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னாள். ஜப்பான்காரன் குண்டு போட்டதை, கரும்பாலை உலையில் பணத்தை எரித்ததை, நட்சத்திரம் எதற்கு என்பதை. கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டாள் என்று நான் நினைத்ததெல்லாம் ஒன்றுவிடாமல் அவளுக்கு நினைவிருந்தது. செருப்புக் கம்பெனி விளம்பரமா என்று அன்றைக்குக் கடையில் கேட்டதே எனக்குப் போக்குக் காட்டத்தான். அந்த அமெரிக்க அம்மாவின் புருஷனைப் பற்றிச் சொல்லும்போது நாலு பேர் கண் கலங்கினார்கள். நான் இருபது வருடம் சொல்லியும் ஒருவர் கண்ணும் கலங்கியதில்லை. எனக்கு அங்கேயே வயிறு எரிந்தது.

"இப்ப இதுக்கு என்ன வெல இருக்கும்மா?" என்று போதகரம்மா கேட்டார்.

"வெலயா? அதெல்லாம் போச்சு" என்றாள் ஸ்டெல்லா. "பொறாமையில எங்கூட்டாளி ஒருத்தி தீயில போட்டுக் கொன்னுட்டா. அந்தா, பிரியாணித் தட்ட வச்சிக்கிட்டு உக்காந்திருக்கால்லா, அவதான்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.